வாள் பெற்ற ஆமை: செவ்வாற்று மென்னோட்டுப் பேராமையின் மறைவு குறித்த வரலாற்றாய்வு

முன்னுரை

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசர் வழிமுறை, போர், கல்வெட்டு, காசு ஆகியவற்றைச் சான்றாகக் கொள்வது மரபு. அந்நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்ந்த உயிரினங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதையும், அவ்வரலாறு மக்கள் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாவாறு பின்னிக் கிடப்பது என்பதையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே. வியத்துநாமின் செவ்வாற்று நிலத்திலும் சீனத்தின் யாங்சி ஆற்று நிலத்திலும் வாழ்ந்த மென்னோட்டுப் பேராமை இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். ஒரு நாட்டு விடுதலைக் கதையின் நடுவே வீற்றிருந்த இவ்விலங்கு, அக்கதையை ஓதும் மக்களின் கண்முன்னரே ஏறத்தாழ இல்லாது ஒழிந்தது. போற்றப்பட்ட ஒன்று அழிந்தது எங்ஙனம் என்னும் வினாவே இக்கட்டுரைக்குப் பொருளாகும். போற்றுதலும் காத்தலும் ஒன்றல்ல என்பதனை நிறுவுதல் இதன் நோக்கமாகும்.

விலங்கின் இயல்பு

ஆமைகளுள் முதுகில் வன்மையான செதில் ஓடு இன்றித் தோல் போர்த்த தட்டையான ஓடு உடையன ஒரு குடும்பமாக வகுக்கப்படுகின்றன. தமிழகத்துக் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் காணப்படும் பாலாமையும் அக்குடும்பத்தைச் சார்ந்ததே. பாலாமை இரு கையால் தூக்கத்தக்க சிறிய உயிர். ஈண்டு ஆராயப்படும் ஆமையோ 150 கிலோவுக்கு மேலும் எடை கொள்ளவல்லது. நன்னீர் ஆமைகளுள் இதனினும் பெரியது இன்மை ஒருதலை என்னும் அளவிற்கு அறிஞர் இதனைக் கருதுவர். பன்றியின் மூக்குப் போன்ற நுனியுடைய முகமும், மஞ்சட் புள்ளிகள் செறிந்த தலையும் இதற்கு அடையாளம். நீரின் அடியில் நெடும்பொழுது கிடந்து மூச்செறிய மட்டும் மேலெழும் இயல்பினது. எனவே, கரையில் வாழ்வோரும் ஆண்டில் சிலமுறையே இதனைக் காண்பர். முட்டையிடுதற்கு மட்டும் ஆற்றங்கரை மணலையும் மண்திட்டையும் நாடும்.

இவ்வியல்புகள் இரண்டனை உளங்கொளல் வேண்டும். ஒன்று, இது நெடுங்காலம் வாழ்வது. பருவம் எய்தவும் பல்லாண்டு கொள்வது. மற்றொன்று, முட்டையிட மணற்கரை இன்றியமையாதது. முதிர்ந்த விலங்கொன்று கொல்லப்படின் அவ்விடத்தை மற்றொன்று நிரப்புதற்கு ஒரு தலைமுறை கழியும். மணற்கரை மூழ்கின் முதிர்ந்தவை உயிரோடு இருந்தும் இனம் பெருகாது. பின்னர் நிகழ்ந்த அழிவிற்கு இவ்விரு வாயில்களும் ஒருங்கே திறந்துவிடப்பட்டன.

பழைய சான்றுகள்

சீன மொழியில் பெரிய மென்னோட்டு ஆமையைக் குறிக்கும் 'யுவான்' என்னும் சொல் மிகப் பழமையானது. சாங் அரசர் காலத்தின் இறுதியைச் சார்ந்த வெண்கல ஆமை ஒன்று 2003ஆம் ஆண்டில் சீன நாட்டுப் பொருட்காட்சிச்சாலையை வந்தடைந்தது. அதன் உடலில் நான்கு அம்புகள் தைத்தவாறு வார்க்கப்பட்டுள்ளன. அரசன் குவான் ஆற்றில் யுவானை எய்த செய்தியை அதன் முதுகில் உள்ள எழுத்துகள் கூறுகின்றன. மூவாயிரம் ஆண்டுகட்கு முன் அரசன் வேட்டையாடிப் பெருமை கொள்ளத்தக்க விலங்காக யுவான் இருந்தமை இதனாற் பெறப்படும்.

ட்ஸோ உரை எனப்படும் பழைய சீன வரலாற்று நூல் மற்றொரு செய்தியைத் தருகின்றது. கி.மு. 605இல் சூ நாட்டார் செங் நாட்டுத் தலைவனாகிய லிங் கோமானுக்கு யுவான் ஒன்றைக் காணிக்கையாக விடுத்தனர். அதனைச் சமைத்து விருந்திட்ட கோமான், தன் சுற்றத்தான் ஒருவனுக்கு மட்டும் வேண்டுமென்றே பங்கு அளியாது விடுத்தான். அவன் சினந்து கலத்தினுள் விரலை இட்டுச் சுவைத்து வெளியேறினான். அப்பகை முற்றிக் கோமானின் கொலையில் முடிந்தது. தமக்குரியதல்லாத ஒன்றில் கைவைத்தலைக் குறிக்கச் சீனர் இன்றும் வழங்கும் 'விரல் தோய்த்தல்' என்னும் மரபுத்தொடர் இந்நிகழ்ச்சியில் தோன்றியதே.

எனினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். யுவான் என்னும் சொல் இவ்வாமையை மட்டும் குறித்ததன்று. தென்சீனத்தில் வாழும் காண்டரின் பேராமையையும் அது குறிக்கும். ஆகவே, மேற்கூறிய சான்றுகளை இவ்வொரு விலங்கிற்கே உரியனவாகக் கொள்ளுதல் பொருந்தாது. சொல் ஒன்றாகவும் பொருள் இரண்டாகவும் நின்ற இந்நிலை, பிற்காலத்தில் வெறும் சொல்லாராய்ச்சியோடு நில்லாது உயிர்க்கேடாகவும் முடிந்ததனைக் கீழே காண்போம்.

வாளும் ஏரியும்

வியத்துநாமில் ஆமை அரசாட்சியோடு தொடர்புடைய உயிராகவே தொன்றுதொட்டுக் கருதப்பட்டு வந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டினனாகக் கொள்ளப்படும் ஆன் துவாங் மன்னன் கோ லோவாக் கோட்டையை எழுப்பியபோது, பகலில் எடுத்த மதில் இரவில் இடிந்து வீழ்ந்தது என்றும், பொன்னாமை ஒன்று தோன்றி அவ்விடர் களைந்து, வில்லின் விசைக்கெனத் தன் நகம் ஒன்றையும் அளித்தது என்றும் மரபுக் கதை கூறும். ஹனோய் நகரத்து இலக்கியக் கோயிலில் அரசத் தேர்வில் வென்ற அறிஞர் பெயர் பொறித்த 82 கற்பலகைகள் இன்றும் நிற்கின்றன. 1442 முதல் 1779 வரை நடந்த தேர்வுகளைப் பற்றியன அவை. முதற்பலகைகள் 1484இல் நிறுத்தப்பட்டன. அவை ஒவ்வொன்றையும் கல்லாமை ஒன்று தன் முதுகில் தாங்கி நிற்கின்றது. கல்வியும் நிலைபேறும் ஆமையின் மேல் ஏற்றப்பட்டமைக்கு இதனினும் விளக்கமான சான்று வேண்டா.

இம்மரபின் கொடுமுடியாக விளங்குவது லே லோய் கதை. சீனத்து மிங் பேரரசின் ஆட்சியை எதிர்த்து லாம் சோன் என்னும் ஊரில் 1418இல் படை திரட்டிய லே லோய், பத்தாண்டுப் போரின் பின் வென்று, 1428இல் அரியணை ஏறினான். போருக்கு முன் மீனவன் ஒருவனின் வலையில் வாளின் அலகு கிடைத்தது என்றும், அதன் பிடியை லே லோய் மரக்கிளையிற் கண்டான் என்றும், இரண்டும் பொருந்தி வானளித்த வாளாயின என்றும் கூறுவர். வெற்றிக்குப் பின் பசுநீர் ஏரி எனப்பட்ட ஏரியில் அரசன் படகு செலுத்துங்கால், பெரிய ஆமை ஒன்று மேலெழுந்து வாளைத் திருப்பித் தருமாறு வேண்டியது. அரசன் நீட்ட, ஆமை அதனைக் கவ்வி நீருள் மறைந்தது. அன்று முதல் அவ்வேரி 'ஹோவான் கியெம்', அஃதாவது திருப்பித்தந்த வாளின் ஏரி, எனப் பெயர் பெற்றது என்ப.

கதையின் உட்பொருள் நோக்கத்தக்கது. போர் முடிந்தபின் படைக்கலம் அரசனிடத்து இருத்தல் கூடாது என்பதும், வலிமை இரவற் பொருள் என்பதும் அதன் கருத்து. அதனை மீளப்பெறும் உரிமை மானிடர் எவர்க்கும் அளிக்கப்படாது நீர்வாழ் உயிர் ஒன்றிற்கு அளிக்கப்பட்டமையே இக்கதையின் தனிச்சிறப்பு. அவ்வேரியில் மெய்யாகவே பேராமைகள் வாழ்ந்தமையால், கதையைக் கேட்ட சிறுவன் கரையில் நின்று கதைத்தலைவனைக் கண்ணாற் காணும் பேறும் பெற்றான்.

பெயர்க் குழப்பம்

மேனாட்டு விலங்கியலார் இவ்வாமையை அறிந்தது 19ஆம் நூற்றாண்டிலாகும். கல்கத்தாவிற் பிறந்து சீனத்தில் ஆங்கிலேயத் தூதராகப் பணியாற்றிய இராபர்ட் சுவின்ஹோ, சாங்காயிலிருந்து அனுப்பிய மாதிரியைக் கொண்டு, 1873இல் பிரித்தானியப் பொருட்காட்சிச்சாலையின் சான் எட்வர்டு கிரே இதற்குப் பெயரிட்டார். அப்பெயரில் சுவின்ஹோவின் பெயரும் இணைந்தது. 1880இல் சாங்காயில் வாழ்ந்த பிரெஞ்சுத் துறவியாகிய இயூது என்பார் அந்நாட்டு மென்னோட்டு ஆமைகளை ஆராய்ந்து வேறு பல பெயர்களை இட்டார். பின்வந்தோர் இவையனைத்தையும் காண்டரின் பேராமையோடு ஒன்றெனக் கொண்டு தனியினம் என்னும் கருத்தையே கைவிட்டனர். 1988இல் பீட்டர் மெய்லனும் இராபர்ட் வெப்பும் எலும்பமைப்பை ஆராய்ந்து, இது தனியினமே என்றும், யூபிரட்டீசு ஆற்றில் வாழும் ஆமைக்கே நெருங்கிய உறவினது என்றும் நிறுவினர்.

இதனை ஏட்டளவான பூசல் எனத் தள்ளுதல் இயலாது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனத்து விலங்கினக் காட்சிச்சாலைகள் சிலவற்றிலும், சூசோ நகரத்து மேற்றோட்டப் புத்தக் கோயிலின் குளத்திலும் இவ்வினத்து ஆமைகள் உயிரோடு இருந்தன. அவை காண்டரின் ஆமைகள் எனப் பெயர்ப்பலகை தாங்கித் தனித்தனியே முதுமை எய்தின. இனம் இன்னதென அறியப்பட்டிருப்பின் ஆணும் பெண்ணும் உரிய பருவத்தே ஓரிடத்துச் சேர்க்கப்பட்டிருத்தல் கூடும். அறியப்பட்டபோது அவற்றுட் பல இறந்துவிட்டன. ஒரு பெயர் பிழைபட எழுதப்பட்டதன் விலை இதுவாகும்.

வியத்துநாமிலும் பெயர் பற்றிய வழக்கு எழுந்தது. 2000இல் ஹனோய்ப் பல்கலைக்கழகத்து அறிஞர் ஹா தின் துக், ஹோவான் கியெம் ஆமை தனியினம் எனக் கூறி லே லோய் பெயரால் அதற்குப் பெயர் சூட்ட முயன்றார். 2010இல் வேறு சிலர் நாட்டின் பெயரால் மற்றொரு பெயரை முன்மொழிந்தனர். மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்ட பிறர், வியத்துநாம் ஆமையும் சீனத்து ஆமையும் ஓரினமே என முடிவு செய்தனர். அம்முடிபே இன்று பெரிதும் ஒப்புக்கொள்ளப்படுகின்றது. நாட்டுப்பற்றால் தோன்றிய விழைவு குறைகூறத்தக்கதன்று. ஆயினும் ஹனோய் ஆமைக்கு உறவு ஏதும் இல்லை என்னும் கொள்கை, அதற்குத் துணை தேடும் முயற்சிக்கு இடையூறாகவே நின்றது.

அழிவிற்குரிய காரணங்கள்

அழிவிற்கு முதற்காரணம் வேட்டை. ஏரி ஆமையைத் தெய்வமாகக் கொண்டாடிய அதே நாட்டில், செவ்வாற்றின் கிளையாறுகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழ்ந்த அதே இனத்து ஆமைகள் இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்டன. ஒரே விலங்கு ஊரார் பலர்க்குப் பங்கிடத்தக்க இறைச்சி தரவல்லது. 1970 முதல் 1990 வரையுள்ள ஆண்டுகளில் போரும் வறுமையும் அலைத்த ஊர்களில் இவ்வேட்டை மிகுந்தது. பின்னர் அந்நிலங்களில் ஆய்வு நடத்தியோர் வேட்டைக்காரர் இல்லங்களில் இவ்வாமையின் மண்டையோடுகளைக் கண்டனர். யுன்னான் மாநிலத்துச் செவ்வாற்றிலும் கடைசி ஆமைகள் பிடிபட்டது 1990க்குப் பிற்பட்ட சில ஆண்டுகளிலேயே.

இரண்டாவது காரணம் நிலமாற்றம். யாங்சி ஆற்றின் கீழ்நிலத்தில் சதுப்புகள் வயல்களாயின, வயல்கள் நகரங்களாயின. தாய் ஏரியைச் சூழ்ந்த நிலம் சீனத்தின் மக்கட்செறிவு மிக்க பகுதிகளுள் ஒன்று. செவ்வாற்றின் கிளையாகிய தா ஆற்றில் ஹோவா பின் பேரணை 1994இல் நிறைவுற்றது. யுன்னானிலும் மின்னாக்க அணைகள் எழுந்தன. அணைக்கு மேலே மணற்கரைகள் மூழ்கின. கீழே மணலகழ்வோர் எஞ்சியவற்றை வாரினர். இவ்வாறாக முட்டையிடும் களமே அற்றுப்போயிற்று.

மூன்றாவது காரணம் தனிமை. வேட்டைக்குத் தப்பியவை ஏரிகளிலும் குளங்களிலும் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து நின்றன. தனித்த உயிர் நூறாண்டு வாழினும் அதனால் இனம் வாழாது. நெடுவாழ்நாள் உடைமை ஈண்டு ஒரு மயக்கத்தையும் விளைவித்தது. ஆமையை ஆண்டுதோறும் கண்டவர் அஃது உள்ளது என்றே அமைந்தனர். குட்டி ஒன்றும் காணப்படாமையை எவரும் கணக்கிட்டிலர்.

இறுதி முயற்சிகள்

ஹோவான் கியெம் ஏரியில் 1967இல் ஆமை ஒன்று காயமுற்று இறந்தது. 200 கிலோவுக்கு மேற்பட்ட அதன் உடல் ஏரித்தீவில் உள்ள நோக் சோன் கோயிலிற் பதப்படுத்தி வைக்கப்பட்டது. கடைசியாக எஞ்சிய ஆமையை மக்கள் 'கூ ருவா', அஃதாவது ஆமைப் பெரியவர், என வழங்கினர். நகரத்துக் கழிவால் நீர் கெட்டு அதன் உடலிற் புண்கள் தோன்றவே, 2011 ஏப்பிரலில் அதனைப் பிடித்து, ஏரியின் ஆமைத் திட்டில் மருத்துவம் செய்து, சூலையில் மீண்டும் நீரில் விட்டனர். அப்போது அதன் எடை 169 கிலோ. கரையெங்கும் மக்கள் திரண்டு நின்றனர். 2016 சனவரி 19ஆம் நாள் அது இறந்து மிதந்தது. ஆளுங்கட்சியின் 12ஆம் பேராயம் கூடவிருந்த வேளையாதலின் பலர் அதனைத் தீய நிமித்தம் எனக் கொண்டு வருந்தினர். அதன் உடலும் பதப்படுத்தப்பட்டு அக்கோயிலிலேயே வைக்கப்பட்டது.

சீனத்தில் சாங்சா நகரத்துக் காட்சிச்சாலையிற் பெண்ணாமை ஒன்று இருப்பது 2007இல் தெரிய வந்தது. ஊர் ஊராய்ச் சென்ற வித்தைக் கூட்டத்தாரிடமிருந்து 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாங்கப்பட்ட அதன் அருமையை அரை நூற்றாண்டுக் காலம் ஒருவரும் அறிந்திலர். 2008 மே மாதத்தில் அது சூசோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கிருந்த ஆணோடு சேர்க்கப்பட்டது. பெண் எண்பது ஆண்டும், ஆண் நூறாண்டும் கடந்தனவாக மதிக்கப்பட்டன. பெண் பலமுறை முட்டையிட்டது. ஒன்றேனும் குஞ்சு பொரித்திலது. முன்னொரு காலத்தில் மற்றோர் ஆணோடு பொருததால் அவ்வாணின் உறுப்பு சிதைந்திருந்தமை 2015இல் அறியப்பட்டது. அதன்பின் செயற்கை முறையாற் கருவூட்ட முயன்றனர். 2019 ஏப்பிரலில் ஐந்தாம் முயற்சி நடந்த மறுநாள், 13ஆம் நாளன்று, பெண்ணாமை இறந்தது.

ஹனோய்க்கு மேற்கேயுள்ள தோங் மோ ஏரியில் ஓர் ஆமை வாழ்வதை 2007இல் ஆய்வாளர் உறுதி செய்தனர். 2008 நவம்பரில் வெள்ளத்தால் அணை உடைந்தபோது அது வெளிப்போந்தது. மீனவர் ஒருவர் அதனைப் பிடித்தார். விற்பனைக்குப் போகவிருந்த அதனை அதிகாரிகளும் ஆய்வாளரும் அவரோடு பேசி மீட்டு ஏரியிலேயே விட்டனர். 2020 அக்டோபரில் 86 கிலோ எடையுள்ள ஆமை அங்கே பிடிக்கப்பட்டுப் பெண் எனத் தெளியப்பட்டது. சூசோ ஆணுக்குத் துணை கிடைத்தது என்னும் நம்பிக்கை மீண்டும் தளிர்த்தது. 2023 ஏப்பிரலில் 93 கிலோ எடையும் 156 செ.மீ. நீளமும் உடைய பெண்ணாமையின் உடல் அவ்வேரியில் மிதந்தது. அதன்பின் ஐயத்திற்கு இடமின்றி அறியப்பட்டது சூசோவின் முதிய ஆண் ஒன்றே. அருகேயுள்ள சுவான் கான் ஏரியில் நீரிற் கரைந்த மரபுப்பொருளைக் கொண்டு ஓர் ஆமை உண்டென 2018இல் முடிவு செய்யப்பட்டது. ஆய்வாளர் இன்றும் நம்பிக்கை வைத்திருப்பது இத்தகைய ஏரிகளின்மேலேயே.

கதை காத்ததும் காவாததும்

இதுகாறும் கூறியவற்றால் புலப்படுவது யாது? லே லோய் கதை ஒன்றனைக் காத்தது. அஃது ஒரு தனி உயிர். நகரின் நடுவே, போர்க்காலத்தும் வறுமைக்காலத்தும், நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள இறைச்சி கரையருகே மிதந்து கொண்டிருந்தும், கடைசி ஆமை முதுமை எய்தி இறந்தது கதையின் ஆற்றலால் என்பதில் ஐயமில்லை. கதை காவாதது இனத்தை. மக்கள் தெய்வமாகக் கொண்டது ஏரியில் இருந்த ஆமையையேயன்றி ஆமையினத்தை அன்று. ஏரிக்குப் புறத்தே அதன் உறவினை அவர்கள் ஆமையாகவே கண்டனர், உண்டனர். புனிதம் இடத்தைப் பற்றியதாகவும், ஒருமையைப் பற்றியதாகவும் நின்றது. 'அந்த ஆமை' எனச் சுட்டிய சுட்டு 'அத்தகைய ஆமைகள்' என்னும் பன்மையாக விரியவில்லை.

புனிதம் எப்போதும் இவ்வாறே பயனின்றி முடியும் எனவும் கூறுதற்கில்லை. கம்போடிய நாட்டில் அழிந்ததாகக் கருதப்பட்ட தென்னாற்று ஆமை 2001இல் சிரே அம்பெல் ஆற்றில் மீண்டும் காணப்பட்டது. அதன் முட்டை அரசர்க்கே உரியது என்னும் பழைய வழக்கு அங்கே இருந்தது. 2005இல் அரச ஆணையால் அது நாட்டின் ஊர்வனவாக அறிவிக்கப்பட்டது. முன்னாள் முட்டை எடுத்தோரே ஊதியம் பெற்றுக் கூடுகளைக் காவல் செய்தனர். குஞ்சுகள் வளர்க்கப்பட்டு ஆற்றில் விடப்பட்டன. ஈண்டு மதிப்பு இனத்தின்மேல் வைக்கப்பட்டது. முட்டையும் மணற்கரையும் அதில் அடங்கின. மீனவர்க்கு அதில் ஒரு பங்கும் கிடைத்தது. இவ்வேறுபாடே விளைவின் வேறுபாட்டிற்குக் காரணமாயிற்று.

முடிவுரை

சாங் அரசன் அம்பெய்ததை வெண்கலத்திற் பொறித்தான். கோமான் ஒருவன் அதன் இறைச்சிக்காக உயிர் இழந்தான். லே லோய் அதன் வாயில் வாளை வைத்தான். அறிஞர் அதற்குப் பெயர் பல இட்டு வழக்காடினர். மூவாயிரம் ஆண்டுகளாக ஆமையைப் பற்றிய எழுத்து வளர்ந்தது, ஆமை தேய்ந்தது. ஹனோய்க் கோயிலில் பதப்படுத்திய இரண்டு உடல்களும் இன்று நன்கு பேணப்படுகின்றன. அவற்றைப் பேணுதற்கு வேண்டிய அறிவும் பொருளும் ஐம்பது ஆண்டுகட்கு முன்னர்ச் செவ்வாற்றின் மணற்கரைகளைப் பேணச் செலவிடப்பட்டிருப்பின், கண்ணாடிப் பேழைக்குத் தேவை இராது.

எந்த நாட்டாரும் தம் இலக்கியத்திலும் கோயிலிலும் போற்றும் உயிர்களை எண்ணிப் பார்த்து, அவை உண்மையில் எங்கே முட்டையிடுகின்றன, எத்தனை குஞ்சுகள் தப்புகின்றன என வினவுதல் கடனாகும். கதையிலே ஆமை வாளைப் பெற்றுக்கொண்டு நீருள் மறைந்தது. அரசன் செய்ததெல்லாம் இரவல் பெற்றதைத் திருப்பித் தந்ததே. ஆறும் கரையும் அவ்வாறே இரவலாகக் கிடைத்தவை என்னும் உணர்வு கதையினுள்ளேயே இருந்தது. அதனை எடுத்து நடைமுறைக்கு ஆக்குவார் இலராயினர்.